அம்மா தங்கினால் கட்டணமா? தம்பி வந்தால் அத்துமீறலா?

கலிஃபோர்னியாவில் சான் ஹோசே பக்கம் ஒரு மொபைல் ஹோம் பார்க்கில், அதாவது தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து நிறுத்தும் வீடுகளின் குடியிருப்பில், வசிக்கும் சகோதரி ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அவர் யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 43. மணமுறிவுக்குப் பிறகு ஒன்பது வயது மகனோடு இருக்கிறார். அபார்ட்மென்ட் வாடகை கட்டி மாளாமல், மூன்று ஆண்டுகளுக்கு முன் கையிலிருந்த சேமிப்பையெல்லாம் போட்டு இரண்டு படுக்கையறை கொண்ட பழைய மொபைல் ஹோம் ஒன்றை வாங்கினார். வீடு அவருடையது. அது நிற்கும் இடம் பார்க் உரிமையாளருடையது, அதற்கு மாதாமாதம் ஸ்பேஸ் ரென்ட் கட்டுகிறார். மூன்று மாதத்துக்கு முன் ஊரிலிருந்து அம்மா விசிட்டர் விசாவில் வந்தார், ஆறு மாதம் தங்க அனுமதி இருக்கிறது.

அம்மா வந்த நாலாவது வாரம் பார்க் மேனேஜர் கதவைத் தட்டினார். முப்பது நாளுக்கு மேல் யார் தங்கினாலும் விருந்தினர் கட்டணம் மாதம் 150 டாலர் என்றார். அம்மாவின் பாஸ்போர்ட், விசா நகலையும் கேட்டார். இவர் பயந்துபோய் இரண்டு மாதக் கட்டணத்தைக் கட்டிவிட்டார், நகலை மட்டும் கொடுக்கவில்லை. பிறகு ஒரு நாள் இவர் வேலைக்குப் போயிருந்தபோது மேனேஜர் படியேறி வந்து சமையலறை ஜன்னல் வழியாக உள்ளே பார்த்திருக்கிறார்.

தம்பி எச்-1பி எனும் வேலை விசாவில் இருக்கும் மென்பொருள் ஊழியர், ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவைப் பார்க்க வருவார். ஒரு நாள் இரவு விசிட்டர் பார்க்கிங்கில் நின்ற அவருடைய காரை டோ செய்து, அதாவது இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மறுவாரம் அவர் பார்க் அலுவலகத்துக்குப் போய்ச் சத்தம் போட்டார். அதற்கு மறுநாள் ஒரு கடிதம் வந்தது: தம்பி ஓராண்டுக்கு பார்க்குக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது, வந்தால் அத்துமீறல், போலீஸைக் கூப்பிடுவோம், உங்கள் ஒப்பந்தத்தையும் முடித்துவிடுவோம்.

“அன்றிலிருந்து அம்மா பகலில் திரைச்சீலையை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருக்கிறார். கொடியில் காயும் துணியை எடுக்கக்கூட வெளியே வருவதில்லை. வீடு என்னுடையதுதானே, யார் வருகிறார்கள் என்று கேட்க இவர் யார்? பார்க் தெரு பொதுத் தெரு, யாரும் தடுக்க முடியாது என்கிறான் தம்பி. போலீஸ் வந்தால் அம்மாவின் விசா போய்விடுமா? பேசாமல் டிக்கெட்டை மாற்றி அம்மாவை ஊருக்கு அனுப்பிவிடட்டுமா?” இவையே அவருடைய கேள்விகள்.

அன்புச் சகோதரி,

டிக்கெட்டை மாற்றாதீர்கள். இன்று மாலையே அந்தத் திரைச்சீலையை விலக்கிவிடுங்கள். உங்கள் அம்மா அந்த வீட்டில் ஒளிந்திருக்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. அவர் அந்த பார்க்கின் தெருவில் நடக்கலாம், துணி எடுக்கலாம், பக்கத்து வீட்டுக்காரரோடு பேசலாம். இத்தனை வருடம் கழித்துப் பேரனோடு இருக்க வந்த ஒரு தாய் இருட்டில் உட்கார்ந்திருக்கிறார் என்று படித்தபோது எனக்கு மனம் கனத்துப் போனது.

ஆனால் நீங்கள் எழுதியதில் சரியும் தவறும் கலந்திருக்கிறது. தம்பி சொல்வதில் தவறே அதிகம். இரண்டையும் பிரித்துச் சொல்கிறேன்.

முதலில் “வீடு என்னுடையது” என்பதைப் பார்ப்போம். வீடு உங்களுடையதுதான். நிலமும் தெருவும் உங்களுடையவை அல்ல. பார்க்குக்குள் இருக்கும் சாலைகள் பெரும்பாலும் தனியார் சாலைகள், மாநகராட்சித் தெரு போல யாரும் எப்போதும் வந்து போகும் இடமல்ல. வழி தவறி வருபவரையும் விற்பனைக்கு வருபவரையும் வெளியே போகச் சொல்ல நிர்வாகத்துக்கு உரிமை உண்டு. உங்கள் தம்பி அந்த வகையில் சேரமாட்டார். காரணம், நீங்கள் அழைத்து அவர் வருகிறார். நீங்கள் வாடகை கட்டும் இடத்துக்கு உங்கள் விருந்தாளி வந்து சேரும் வழியும் அந்த வாடகைக்குள் அடக்கம். தனக்கென்று அவருக்கு அந்த பார்க்கில் ஓர் உரிமையும் கிடையாது. அவருக்கு இருப்பது உங்கள் உரிமையின் நிழல். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தெளிவாகும். மேனேஜரோடு பேச வேண்டியவரும் எழுத வேண்டியவரும் நீங்கள்தான். தம்பி அலுவலகத்துக்குப் போய் நின்றதே தவறான ஆள் தவறான இடத்தில் நின்றதுதான்.

நம் ஊரில் வாடகைக்கு இருந்தவர்களுக்கு இது புதிதல்ல. சொந்தக்காரர்கள் வந்து நாலு நாள் தங்கினால் தண்ணீர் மோட்டாரைச் சொல்லி முகம் சுளிக்கும் வீட்டுக்காரரை நாம் பார்த்திருக்கிறோம். அங்கே நாம் முணுமுணுத்துவிட்டுப் பொறுத்துப்போவோம், முடியாவிட்டால் வேறு வீடு பார்ப்போம். மொபைல் ஹோமில் அப்படி வேறு இடம் பார்க்க முடியாது. பெயரில்தான் ‘மொபைல்’ இருக்கிறது. ஒரு முறை நிறுத்திய வீட்டைக் கழற்றி வேறிடம் கொண்டுபோகப் பெரும் பணம் ஆகும், பழைய வீடாக இருந்தால் வழியிலேயே சேதமாகும், எடுத்துக்கொள்ள இன்னொரு பார்க்கும் கிடைக்க வேண்டும். இந்த இக்கட்டைப் பார்த்துத்தான் கலிஃபோர்னியா 1978-இல் மொபைல் ஹோம் குடியிருப்புச் சட்டம் என்று தனியாக ஒன்றைக் கொண்டுவந்தது. மாநிலத்தின் சிவில் சட்டத் தொகுப்பில் பிரிவு 798-இல் அது தொடங்குகிறது. உங்கள் வாடகை ஒப்பந்தத்தோடு இதன் நகலையும் இணைத்துத் தந்திருக்க வேண்டும். தேடிப் பாருங்கள், இல்லாவிட்டால் எழுத்தில் கேளுங்கள்.

அம்மாவுக்குக் கட்டணம் கிடையாது

இந்தச் சட்டத்தில் விருந்தாளிக்கு ஒரு விதியும் நெருங்கிய குடும்பத்துக்கு வேறொரு விதியும் இருக்கின்றன. மேனேஜர் இரண்டையும் குழப்பிவிட்டார், அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைத்துவிட்டார்.

பிரிவு 798.34 விருந்தாளிகளுக்கானது. ஒரு மாதத்தில் மொத்தம் 20 நாளுக்கும், ஓர் ஆண்டில் மொத்தம் 30 நாளுக்கும் மேற்படாமல் தங்கும் விருந்தாளிக்கு நிர்வாகம் கட்டணம் கேட்கக் கூடாது. அப்படி வருபவர் அலுவலகத்தில் பெயர் பதியவும் தேவையில்லை. மேனேஜர் சொன்ன முப்பது நாள் கணக்கு இங்கிருந்து வந்திருக்கலாம்.

ஆனால் பிரிவு 798.35 என்று ஒன்று இருக்கிறது. உங்கள் நெருங்கிய குடும்பத்தில் எத்தனை பேர் என்பதை வைத்துக் கட்டணம் வாங்கக் கூடாது என்கிறது அது. நெருங்கிய குடும்பம் யார் என்பதையும் அதுவே வரையறுக்கிறது: மொபைல் ஹோமின் சொந்தக்காரர், அவருடைய கணவர் அல்லது மனைவி, அவர்களுடைய பெற்றோர், பிள்ளைகள், 18 வயதுக்கு உட்பட்ட பேரப்பிள்ளைகள். அம்மா இந்தப் பட்டியலில் இருக்கிறார். அவர் தலைக்கு 150 டாலர் என்று வசூலிக்க அடிப்படையே இல்லை. ஒப்பந்தத்தில் விருந்தினர் கட்டணம் என்று ஒரு வரி இருந்து நீங்கள் கையெழுத்துப் போட்டிருந்தாலும் கவலை வேண்டாம். இந்தச் சட்டம் தரும் உரிமைகளை விட்டுக்கொடுப்பதாக ஒப்பந்தத்தில் எழுதினால் அது செல்லாது என்கிறது பிரிவு 798.19.

தம்பி அந்தப் பட்டியலில் இல்லை என்பதையும் கவனியுங்கள். உடன்பிறந்தவர்களைச் சட்டம் சேர்க்கவில்லை. அவர் விருந்தாளிக் கணக்கில்தான் வருவார். ஞாயிற்றுக்கிழமை வந்து சாப்பிட்டுவிட்டு இரவு திரும்பிப் போகிறவர் ‘தங்குகிறவர்’ ஆகமாட்டார். ஆனால் வீடு மாறும்போது இரண்டு மாதம் உங்களோடு இருக்கலாம் என்று அவர் யோசித்தால் அது வேறு கணக்கு.

இங்கே ஒரு எச்சரிக்கை. கட்டணம் இல்லை என்பதும், எத்தனை பேர் வேண்டுமானாலும் எவ்வளவு காலமும் இருக்கலாம் என்பதும் ஒன்றல்ல. ஒரு வீட்டில் இத்தனை பேர்தான் குடியிருக்கலாம் என்று உங்கள் பார்க்கின் விதிகளில் வரம்பு இருக்கலாம். இரண்டு படுக்கையறையில் மூன்று பேர் என்பதில் சிக்கல் வருமென்று எனக்குத் தோன்றவில்லை, இருந்தாலும் விதிப் புத்தகத்தை ஒரு முறை வாசித்துவிடுங்கள். 55 வயதுக்கு மேற்பட்டோருக்கான பார்க்குகளில் வயதுக் கட்டுப்பாடும் சேர்ந்து வரும். உங்கள் மகன் அங்கே குடியிருப்பதிலிருந்து உங்களுடையது அப்படிப்பட்டதல்ல என்று எடுத்துக்கொள்கிறேன்.

கட்டிய 300 டாலரை அடுத்த மாத வாடகையில் கழித்துக்கொள்ளலாமா என்று ஓரிடத்தில் கேட்டிருக்கிறீர்கள். வேண்டவே வேண்டாம். வாடகை பாக்கி என்பது ஒப்பந்தத்தை முடிக்கச் சட்டமே தரும் காரணங்களில் ஒன்று. உங்கள் பக்கம் நியாயம் இருக்கும்போது அந்தக் காரணத்தை நீங்களே அவர் கையில் கொடுக்காதீர்கள். வாடகையை முழுதாக, நேரத்துக்குக் கட்டுங்கள். கட்டணத்தைத் திருப்பித் தரும்படி தனியாக எழுதிக் கேளுங்கள். மறுபடி வற்புறுத்தினால் “எதிர்ப்புடன் கட்டுகிறேன்” என்று எழுதிக் கட்டி, ரசீது வாங்குங்கள்.

அத்துமீறல் கடிதத்துக்கு எவ்வளவு பலம்?

நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. தம்பி நினைப்பதைவிட அதிகம்.

கலிஃபோர்னியாவில் அத்துமீறலைப் பற்றிப் பேசுவது குற்றவியல் சட்டத் தொகுப்பின் பிரிவு 602. பொதுமக்களுக்குத் திறந்திராத இடத்தில், உரிமையாளரோ அவருடைய ஆளோ அல்லது அந்த இடத்தைச் சட்டப்படி அனுபவத்தில் வைத்திருப்பவரோ வெளியேறச் சொல்லியும் போகாமல் நிற்பது அதில் வரும். அந்த மூன்றாவது ஆள் யார் தெரியுமா? உங்கள் வீட்டையும் அது நிற்கும் இடத்தையும் பொறுத்தவரை நீங்கள்தான். நீங்கள் அழைத்து, உங்கள் வாசலுக்கு நேரே வந்து, அங்கேயே இருந்துவிட்டுப் போகும் ஒருவரை அத்துமீறியவர் என்று நிரூபிப்பது கடினம்.

இதில் நான் பல முறை நினைத்துப் பார்க்கும் ஒரு பழைய வழக்கு உண்டு. நியூ ஜெர்சியில் ஒரு பண்ணையில் தங்கி வேலை செய்த கூலித் தொழிலாளிகளைப் பார்க்க ஒரு நலப் பணியாளரும் ஒரு சட்ட உதவி வழக்கறிஞரும் போனார்கள். பண்ணை உரிமையாளர், என் அலுவலகத்தில் என் முன்னால்தான் பேச வேண்டும் என்றார். மறுத்தவர்கள் மேல் அத்துமீறல் வழக்குப் போட்டார். 1971-இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் இருவரையும் விடுவித்தது. நிலம் ஒருவருடையது என்பதால் அதில் அவர் அனுமதித்துக் குடியிருப்பவர்களின் வாழ்க்கையையே அவர் ஆள முடியாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். அது கலிஃபோர்னியாவைக் கட்டுப்படுத்தாது. ஆனால் வாடகைக்குக் குடியிருப்பவரின் விருந்தாளியை நில உரிமையாளர் தன் இஷ்டப்படி விலக்க முடியாது என்ற எண்ணம் அமெரிக்க நிலச் சட்டத்தில் ஆழமாக இருக்கிறது.

ஆனால் அந்த எண்ணத்துக்கு எல்லை உண்டு. விருந்தாளி மிரட்டினால், பொருளைச் சேதப்படுத்தினால், கிளப் ஹவுஸிலும் நீச்சல் குளத்திலும் தன் விருப்பப்படி உலவினால் நிலைமை மாறும். தம்பி மேனேஜரின் மேசையைத் தட்டிச் சத்தம் போட்டார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இன்னொரு முறை அப்படி நடந்தால், ஊழியரைக் காக்க என்று நிர்வாகம் நீதிமன்றம் போய்த் தடையாணை கேட்க முடியும். அந்த ஆணை வந்துவிட்டால் உங்கள் அழைப்பு தம்பியைக் காப்பாற்றாது. மேனேஜர் நீட்டும் தாளும் நீதிபதி கையெழுத்திட்ட ஆணையும் வேறு வேறு. முதலாவது இரண்டாவதாக மாற நீங்கள் இடம் கொடுக்கக் கூடாது.

அதனால் தம்பி இந்த ஞாயிறு வரலாமா? சட்டம் அவர் பக்கம் சாய்ந்திருந்தாலும் வர வேண்டாம் என்பதே என் ஆலோசனை. போலீஸார் இப்படிப்பட்டதைப் பெரும்பாலும் சிவில் தகராறு என்று விலகிக்கொள்வார்கள். ஆனால் வாசலில் மறுபடி குரல் உயர்ந்து, கைது என்று ஒன்று நடந்துவிட்டால், வழக்கு பிறகு தள்ளுபடியானாலும் அடுத்த விசா விண்ணப்பப் படிவத்தில் “எப்போதாவது கைது செய்யப்பட்டதுண்டா” என்ற கேள்விக்கு ஆம் என்று எழுத வேண்டியிருக்கும். எச்-1பியில் இருப்பவர் அந்த விலை கொடுத்து உரிமையைச் சோதிக்க வேண்டியதில்லை. நீங்கள் எழுதும் கடிதத்துக்குப் பதில் வரும்வரை இரண்டு மூன்று வாரம் அம்மாவை அவர் வீட்டுக்கு அழைத்துப் போகட்டும்.

டோ செய்த காரைப் பற்றியும் ஒரு வார்த்தை. விசிட்டர் பார்க்கிங்கிலிருந்து காரை அகற்ற வேண்டுமானால் பார்க்கின் ஒவ்வொரு நுழைவாயிலிலும் சட்டம் சொல்லும் அளவில், அதாவது 17 அங்குலத்துக்கு 22 அங்குலத்துக்குக் குறையாமல், எச்சரிக்கைப் பலகை இருக்க வேண்டும். நாளைக்கே போய் எல்லா வாயிலையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் சொந்த டிரைவ்வேயில் நிற்கும் கார் என்றால் இன்னும் பாதுகாப்பு உண்டு. தீயணைப்பு வழியை மறிப்பது போன்ற சில நிலைமைகள் தவிர, ஏழு நாள் முன்கூட்டியே கண்ணாடியில் நோட்டீஸ் ஒட்ட வேண்டும்.

உங்கள் ஜன்னலில் எட்டிப் பார்த்தவர்

கடிதத்தில் இதை நீங்கள் ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிட்டீர்கள். எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விட உறுத்தியது. பிரிவு 798.26-இன்படி, நீங்கள் முன்கூட்டியே எழுத்தில் சம்மதம் தராமல் நிர்வாகம் உங்கள் வீட்டுக்குள் வரக் கூடாது. அவசர நிலையும், கைவிடப்பட்ட வீடும்தான் விலக்கு. தந்த சம்மதத்தையும் எழுதித் திரும்பப் பெறலாம். வீட்டைச் சுற்றியுள்ள நிலத்துக்குள் குழாய், மின்சாரம், மரம் போன்ற பராமரிப்புக்காக அவர்கள் வரலாம். அதுவும் உகந்த நேரத்தில், உங்கள் நிம்மதியான வாழ்வுக்கு இடையூறு இல்லாமல். ஒரு வயதான பெண் தனியாக இருக்கும்போது படியேறி ஜன்னலில் கண் வைப்பது பராமரிப்பு ஆகாது. தேதி, நேரம், அம்மா பார்த்தது என்ன என்று அவர் வாயாலேயே சொல்லச் சொல்லி எழுதி வையுங்கள்.

விசா நகலைக் கொடுக்காதது நல்லது. குடியிருப்பவரின் குடியேற்ற நிலையை வாடகைக்கு விடுபவரோ அவருடைய முகவரோ விசாரிப்பதைக் கலிஃபோர்னியா சட்டம் தடுக்கிறது. அதை வைத்து மிரட்டிக் காலி செய்ய வைப்பதற்கும் தடை உண்டு. அம்மாவைப் பொறுத்தவரை முக்கியமான தேதி ஒன்றே ஒன்று, நாட்டுக்குள் வந்தபோது ஐ-94 என்ற வருகைப் பதிவில் குறிக்கப்பட்ட கடைசி நாள். பார்க்கோடு வரும் தகராறு அவருடைய விசாவைத் தொடாது. அந்தத் தேதியைத் தாண்டித் தங்கினால்தான் பாதிப்பு.

ஒப்பந்தத்தை முடிப்பார்களா?

ஒரு மேனேஜர் நினைத்தால் முடித்துவிட முடியாது. சட்டம் அடுக்கும் காரணங்கள் ஏழுதான், அவற்றில் ஒன்று இருக்க வேண்டும். காரணத்தை விவரமாக எழுதி 60 நாள் நோட்டீஸ் தர வேண்டும். விதி மீறல் என்று சொன்னால் முதலில் எழுத்தில் தெரிவித்து, சரிசெய்ய ஏழு நாள் அவகாசம் தர வேண்டும். அதனால் இனி எந்த நோட்டீஸ் வந்தாலும் கசக்கிப் போட்டுவிடாதீர்கள். ஒரே விதியை 12 மாதத்தில் மூன்று முறைக்கு மேல் மீறினால் அந்த ஏழு நாள் அவகாசம் மறுபடி கிடைக்காமல் போகலாம். விருந்தாளியின் நடத்தைக்கு அவரை அழைத்த குடியிருப்பவரே பொறுப்பு என்று பெரும்பாலான பார்க் விதிகள் சொல்லும். இது பயப்படுவதற்காக இல்லை, தம்பியிடம் காட்டுவதற்காகச் சொல்கிறேன்.

இனி எழுத வேண்டிய கடிதம். மேனேஜருக்கு மட்டும் எழுதாமல், ஒப்பந்தத்தில் இருக்கும் பார்க் உரிமையாளர் அல்லது நிர்வாக நிறுவனத்தின் முகவரிக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். ஒரு பக்கம் போதும். பிரிவு 798.35-ஐக் குறிப்பிட்டு 300 டாலரைத் திருப்பிக் கேளுங்கள். தம்பி உங்கள் அழைப்பின் பேரில் வருகிறவர் என்றும், இனி நேராக உங்கள் வீட்டுக்கு வந்து போவார், அலுவலகத்துக்கு வரமாட்டார் என்றும், அந்தத் தடைக் கடிதத்தை விலக்கிக்கொள்ள வேண்டும் என்றும் எழுதுங்கள். அன்று குரல் உயர்ந்ததற்கு ஒரு வரி வருத்தமும் சேர்த்துவிடுங்கள். உங்களுக்கு அதில் இழப்பு எதுவும் இல்லை. நாளை நீதிபதி அந்தக் கடிதத்தைப் படித்தால் யார் நிதானமாக நடந்துகொண்டார் என்பது தெரியும். ஜன்னல் விஷயத்தைத் தேதியோடு தனிப் பத்தியில் எழுதுங்கள்.

இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால் மாநிலத்தின் வீட்டுவசதி, சமூக மேம்பாட்டுத் துறையிடம் புகார் தரலாம். இந்தச் சட்டத்தின் மீறல்களுக்கென்றே ஒரு பாதுகாப்புத் திட்டத்தை வைத்து 2020 ஜூலை 1 முதல் அவர்கள் புகார் வாங்குகிறார்கள், தேர்ந்தெடுக்கும் புகார்களை இலவசச் சட்ட உதவி அமைப்புகளுக்கு அனுப்புகிறார்கள். பணத்துக்கு மட்டும் என்றால் சிறு வழக்கு நீதிமன்றம் இருக்கிறது. அங்கே வழக்கறிஞர் தேவையில்லை. வேண்டுமென்றே செய்த மீறல் என்று நீதிமன்றம் கருதினால், ஒவ்வொரு மீறலுக்கும் 2,000 டாலர் வரை கூடுதலாக விதிக்கலாம்.

கடைசிப் பக்கத்தில், மேனேஜர் “உங்கள் ஆட்கள் வந்தால் ஊரோடு வருவீர்கள்” என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். மற்றவர்கள் வீட்டுக்கு வரும் பெற்றோரிடமும் இதே கட்டணம் வாங்குகிறார்களா என்று அக்கம்பக்கத்தில் மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் இது பிறந்த நாட்டை வைத்துக் காட்டும் பாகுபாடு, அதற்கு 1968-இன் நியாயமான வீட்டுவசதிச் சட்டத்தின் கீழ் ஓராண்டுக்குள் தனிப் புகார் தரலாம். எல்லாரிடமும் வாங்குகிறார்கள் என்றால் உங்களோடு கையெழுத்துப் போட இன்னும் சில வீடுகள் கிடைக்கும். குடியிருப்பவர்கள் ஒன்றுகூடிப் பேசவும், வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கவும் இந்தச் சட்டமே இடம் தருகிறது.

கடிதத்தை இந்த வாரமே அனுப்புங்கள். அம்மாவுக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. நாளை மாலை பள்ளிப் பேருந்திலிருந்து இறங்கும் பேரனைக் கூட்டிவர அவரே பார்க் வாசல்வரை நடந்து போகட்டும்.